போயிட்டு வா, பதினொண்ணு

இன்றைக்கு இங்கே இருப்பவர்கள்: பெனிட்டா மேடம், இந்த நாய்க் காப்பகத்தை நடத்துகிறவர். போஜன், நாய்களைக் குளிப்பாட்டிக் கொட்டில் கழுவுகிறவன். ஏற்காட்டிலிருந்து நேற்றே வந்து லாட்ஜில் தங்கி, விடிந்ததும் வேனோடு வந்து நிற்கிற இருதயராஜ் ஐயா, அவர் வீட்டம்மா சகாயமேரி. அடுப்படியில் நான், தெய்வானை. மனிதர் ஐந்து. நாய்கள் நான்கு: நாலாம் நம்பர், பதினொண்ணு, பதிமூணு, பதினாறு. ஆக மொத்தம் ஒன்பது. ஒரு பூனையும் உண்டு. அது தன் இஷ்டத்துக்கு வரும், தன் இஷ்டத்துக்குப் போகும், அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. தலை எண்ணாமல் அரிசி களைகிற பழக்கம் எனக்கில்லை. காரமடைப் பக்கம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைத்த காலம் முழுக்க முதல் வேலை அதுதான், வகுப்பு வகுப்பாக வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துத் தலை எண்ணுவது. டீச்சர் நிமிர்ந்து பார்த்துவிட்டால் வெட்கமாகிக் கணக்குத் தப்பிவிடும், மறுபடி முதல் பெஞ்சிலிருந்து எண்ணுவேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. கூட்டலும் கழித்தலும் மட்டும் கூடவே வந்தன. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பெரிய பாத்திரத்தில் சமைக்கத் தெரிந்த ஆள் கோத்தகிரியில் ஒருவருக்கு வேண்டும் என்றார்கள். எத்தனை பேருக்கு என்று கேட்டேன். பதினேழு என்றார்கள். பதினேழு பேர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. மலையேறி வந்த பிறகுதான் பார்த்தேன்.

பார்த்தபோது என்ன நினைத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அரிசி வெந்துவிட்டதா என்று விரலில் நசுக்கிப் பார்த்துக்கொண்டே அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். லாரியிலிருந்து கூண்டு கூண்டாக இறக்கினார்கள். பொள்ளாச்சிக்குக் கீழே எங்கோ தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை, குட்டி போட வைத்து விற்பதற்கென்று அடைத்து வைத்திருந்தவை, வைத்திருந்தவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார். செயின்ட் பெர்னார்டு என்று அந்தச் சாதிக்குப் பெயர், எனக்கு வாயில் நுழைய நாளாயிற்று. "பனிமலையில இருக்க வேண்டிய நாய்ம்மா இது" என்று மேடம் சொன்னார். எங்கோ தூரதேசத்தில் மலை உச்சியில் சாமியார்கள் வளர்த்தார்களாம். பனியில் வழி தவறிப் புதைந்து போனவர்களை இது மோப்பம் பிடித்துப் போய்த் தோண்டி எடுக்குமாம், மேலே படுத்துச் சூடு கொடுக்குமாம், ஆள் பிழைத்துக்கொள்வானாம். அப்படிப்பட்டதைத் தகரத்துக்கு அடியில் சிமெண்டுத் தரையில் போட்டிருந்தார்கள். கூண்டுக் கம்பியில் சாக்பீஸால் நம்பர். பதினொன்று என்று எழுதிய கூண்டைத் திறந்தபோது உள்ளே கிடந்தது நாய் என்றே எனக்குத் தெரியவில்லை, நனைந்த ஜமக்காளத்தைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அது தலையைத் தூக்கியது. ஆட்டுக்கல் அளவு தலை. அதற்குள் இரண்டு கண், கீழ்இமை தொங்கி, சிவந்து, யாரையும் குற்றம் சொல்லாத கண். எழுந்திருக்கப் பார்த்தது, பின்னங்கால்கள் வரவில்லை, முன்காலை மட்டும் ஊன்றித் தன்னையே இழுத்துக்கொண்டு இரண்டடி வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துவிட்டது. அந்தக் கனம். என்னைவிட இருபத்தேழு கிலோ கூட என்று பின்னால் எடை போட்டபோது தெரிந்தது, ஆனால் அன்றைக்கு என் பாதத்தின் மேல் இருந்தது கிலோக் கணக்கில் வராது. இவ்வளவு பெரியது, நினைத்தால் என் கழுத்தை ஒரே வாயில் கவ்வக்கூடியது, வைக்க ஓர் இடம் கேட்டுத் தலையைக் கொண்டுவந்து வைக்கிறது. நான் அசையவில்லை. கால் மரத்துப்போகிற வரைக்கும் அசையவில்லை. பதினேழில் இரண்டு முதல் மாதமே போய்விட்டன, பதினைந்து. அதில் பதினொரு நாய்களை நல்ல வீடுகள் பார்த்து அனுப்பியாயிற்று, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை, குளிர் உள்ள ஊர்களாகப் பார்த்துப் பார்த்து. மிச்சம் நான்கு. மேடம் எல்லாவற்றுக்கும் பேர் வைத்தார்தான், எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மறுநாளே வேறு பேர் வைத்துக்கொள்வார்கள் என்பதால் நான் நம்பரோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் அனுப்பியாயிற்று என்று விரல் மடக்கிச் சொல்கிற இந்தக் கணக்கில் பதினொண்ணு மட்டும் இரண்டு தடவை மடங்கி இரண்டு தடவை நிமிர்ந்த விரல். இன்றைக்கு மூன்றாவது.

சோற்றை இறக்கி விரித்துவிட்டேன். பூசணியும் கேரட்டும் கோழிக் கழுத்தும், மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு கிடையாது. உப்பில்லாத சோற்றை ருசி பார்க்காமல் எப்படி இறக்குவது என்று ஆரம்பத்தில் தவித்திருக்கிறேன், இப்போது வாசனையே போதும். உயரமான நாய்கள், கழுத்தை வளைக்காமல் சாப்பிட வேண்டும் என்று ஸ்டூல் மேல் பேசின் வைப்பது. நாலுக்கும் பதிமூணுக்கும் பதினாறுக்கும் முழு அளவு. பதினொண்ணுக்கு இரண்டே கரண்டி; வயிறு நிறையத் தின்றுவிட்டு மலை இறங்கினால் வாந்தி எடுப்பான், பெரிய சாதிக்கு வயிறு முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மீதியைத் தூக்குப்போசியில் கட்டிக் கொடுக்க வேண்டும். நான்கு பேசினையும் வைத்துவிட்டு "இரு" என்றேன். நான்கும் உட்கார்ந்தன. பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி வந்த சொல், தட்டு எல்லாருக்கும் வைத்து முடிக்கிற வரை, ஹெட்மாஸ்டர் பிரேயர் சொல்லி முடிக்கிற வரை, இரு, இரு கண்ணு. பிள்ளைகள் ஒரு பருக்கையாவது திருடி வாயில் போட்டுக்கொள்ளும், பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். இவை போடாது. எச்சில் நூல் நூலாக இறங்கித் தரையைத் தொடும், மூக்கு விடைத்துச் சுருங்கும், ஆனால் வாய் போகாது, கண் பேசினில் இல்லை, என் முகத்தில் இருக்கும். என் முகத்தை இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. முதல் முதலாக இப்படிப் பார்த்த நாளில் கூச்சமாக இருந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் திரும்பியிருந்த நேரம் முழுக்க அவை அப்படியே இருந்தன. திரும்பிப் பார்த்து "ம்" என்றேன், அதற்குப் பிறகுதான் தின்றன. வாயைத் திறக்காமல் சொல்கிற ஓர் எழுத்து. அதற்கு நாலு மலை அசைந்து குனிகின்றன. எனக்கு அன்றைக்குப் பயமாகக்கூட இருந்தது, இவ்வளவு கீழ்ப்படிகிறவற்றிடம் நான் தப்பாக ஒரு சொல் சொல்லிவிட்டால்.

தப்பாக ஒரு சொல். கரண்டியைக் கழுவிக் கவிழ்க்கிறேன், பதினொண்ணு தின்று முடித்துப் பின்கதவுப் பக்கம் வந்து நிற்கிறான், நடக்கும்போது இடுப்பு இன்னும் ஒரு பக்கம் சாயும். மற்ற நாய்களுக்குக் கொட்டில், போஜனின் விசில், கூட்டமாக வெளியே, கூட்டமாக உள்ளே. இவனுக்கு எழுந்து நிற்கவே முடியாததால் அடுப்புச் சூடு படட்டும் என்று என் அடுப்படி மூலையில் போட்டிருந்தோம். துண்டை இடுப்பில் சுற்றித் தூக்கி, ஒரு காலடி, இன்னொரு காலடி, வெளியே அந்தச் சீகை மரம் வரை போய் ஒன்றுக்கு இருந்துவிட்டுத் திரும்புவது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பயணம். பிறகு துண்டு தேவைப்படவில்லை. கதவைத் திறந்துவிட்டு "போயிட்டு வா" என்பேன், போவான், மரத்தை முகர்வான், காலைத் தூக்க வராது, பெண் நாய் மாதிரிக் குந்திப் போய்விட்டு வருவான். ஒரு மழைக்காலப் பகல், மஞ்சு இறங்கிக் கதவுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, மரம் இல்லை, தேயிலை இல்லை, கை நீட்டினால் கை இல்லை. காட்டுமாடு ஒன்று இரண்டு நாளாகச் சரிவில் மேய்கிறது என்று போஜன் சொல்லியிருந்தான். அதை மறந்து வழக்கம்போலச் சொல்லிவிட்டேன், போயிட்டு வா. வெள்ளைக்குள் போனான். வால் நுனியும் போயிற்று. அப்புறம்தான் காட்டுமாடு நினைவு வந்தது. கூப்பிட வாய் வரவில்லை, எனக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடவே வராது. நின்றேன். எதையும் எண்ண முடியவில்லை, எண்ணுவதற்கு எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு அந்த வெள்ளையிலிருந்து முதலில் மூச்சுச் சத்தம், அப்புறம் ஈர மூக்கு, அப்புறம் தலை, தலைக்குப் பின்னால் மீதி எல்லாம், ஒன்றும் குறையாமல். வந்து என் முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தான். போனேன், வந்துவிட்டேன் என்று ஒரு முகம்.

அந்த முகம்தான் இப்போதும். சீகை மரம் வரை போய்விட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், அதே முகம், சொன்ன வேலையை முடித்தவன் முகம், கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் நிம்மதி. நான் கைத்துடைக்கிற துணியைப் பிடித்தபடி நிற்கிறேன். இதே முகத்தை நான் வாசலிலும் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை கூடலூர்க்காரர் வேனில் ஏறினான், நான் கதவோரம் நின்று சொல்லி அனுப்பினேன், வேன் கேட் வளைவில் மெதுவானபோது திறந்திருந்த பின்ஜன்னல் வழியாகக் குதித்து, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து ஓடி வந்து என் முன்னால் உட்கார்ந்து இந்த முகத்தோடு பார்த்தான். இரண்டாவது தடவை வெலிங்டனிலிருந்து வந்த மிலிட்டரிப் பெரியவர். தார் ரோடு வரை கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார், அங்கே இவன் காரை மூக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி, அவரையும் இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்தான். "நான் இதைக் கூட்டிட்டுப் போகலம்மா, இதுதான் என்னை வாக்கிங் கூட்டிட்டுப் போய்ட்டு வந்திருக்கு" என்று மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு அவர் வேறு நாயை எடுத்துக்கொண்டு போனார். எல்லாரும் என்னிடம் அதையேதான் சொன்னார்கள், உங்களை விட்டுப் போக மாட்டேங்கறான் தெய்வானைம்மா, உங்க மேல உசிரா இருக்கான். வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன், ஆனால் உள்ளே போய் அடுப்படியில் நின்று அந்தச் சொல்லை இன்னொரு தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உசிரா இருக்கான். யாரும் அதுவரை என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. இரண்டு தடவையும் நான் என்ன சொல்லி அனுப்பினேன். போயிட்டு வா. போனான், வந்தான். பிரிய மாட்டாமல் வந்தான் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் பாவம் வேலை செய்துகொண்டிருந்தான். மற்ற நாய்களுக்கும் அதையேதான் சொன்னேன், அவற்றுக்கு அது ஒரு சத்தம், விசில்தான் அவற்றின் பாஷை. இவனுக்கு மட்டும் அது கட்டளை. வேன் எவ்வளவு தூரம் போனாலும் அவனுக்கு அது சீகை மரம்தான்.

சட்டென்று உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். வெளியே சகாயமேரி அம்மா குரல் கேட்கிறது, "டீ நல்லாருக்குங்க, ஆனா உங்க ஊர்ல காப்பிங்கறதே கிடையாதா", போஜன் சொல்கிறான், "கோத்தகிரியில வந்து காப்பி கேட்டீங்கன்னா நாயே உங்ககூட வராதுங்க." சிரிக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும், கீழே மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டால் சேலம் வரைக்கும் நெருப்பு, அதற்காக வேன் தரையில் நனைத்த சாக்கு விரித்து ஓரத்தில் ஐஸ் பெட்டி வைத்திருக்கிறார்கள், நான் எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் இதே சாதியில் ஒன்று வளர்த்தவர்களாம், போன மழையில் அது போய்விட்டதாம். ஏழு வயது நாயை, இடுப்பு சாய்ந்ததை, ஏன் கேட்கிறீர்கள் என்று மேடம் கேட்டதற்கு இருதயராஜ் ஐயா சொன்னது எனக்குக் கேட்டது. "குட்டி வேண்டாங்க. குட்டி வளந்து முடிக்கறப்ப நாங்க இருப்பமோ என்னமோ. ஒண்ணா வயசாகட்டும்." இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இனி வரப்போவதில்லை. இவன் வயதுக்கு இதுவே கடைசி என்று மேடம் ராத்திரி கணக்குப் பார்க்கும்போது மெல்லச் சொன்னார். தாராபுரம் பக்கம் இன்னொரு கொட்டகையில் ஒரு பெண் நாய் வெறும் சிமெண்டில் கிடக்கிறது, இவன் மூலை காலியானால்தான் அதைக் கொண்டுவர முடியும் என்றும் சொன்னார். ஒன்று போனால்தான் ஒன்று வரும். அந்தக் கழித்தல் எனக்குப் புரிகிறது. ஆனால் எந்தச் சொல்லைச் சொல்லிக் கழிப்பது.

போ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், ஓர் எழுத்து, வா என்பதை வெட்டிவிட்டால் போதும். நாக்குக் கிளம்பவில்லை. கடைக்குப் போகிறவரிடம்கூடச் சொல்லாத சொல். போகிறேன் என்று யாராவது சொல்லிவிட்டால், வரேன்னு சொல்லுங்க, வரேன்னு சொல்லுங்க என்று வாசல் வரை துரத்திக்கொண்டு போய்த் திருத்தி அனுப்புகிற வீடு எங்கள் வீடு. ஐந்தாவது முடித்து வேறு பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் கடைசி நாள் முட்டையைத் தட்டில் வைத்து, போயிட்டு வாங்க கண்ணுகளா என்பேன், ஒன்றும் திரும்பி வந்ததில்லை, வரவும் கூடாது, பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டியவை. நாச்சிமுத்து, என் வீட்டுக்காரர், லாரியில் கிளீனராக வடக்கே லோடு கொண்டுபோனவர், சட்டைப் பையில் வெற்றிலையைத் திணித்துக்கொண்டு வரேன் என்றுதான் சொன்னார். நான் போயிட்டு வாங்க என்றுதான் சொன்னேன். இரண்டு பேரும் சொல்லில் ஒரு குறையும் வைக்கவில்லை. லாரி மட்டும் வந்தது. டீ குடிக்க இறங்கினார், அப்புறம் காணவில்லை என்றார் டிரைவர். சத்துணவுக் கணக்கில் இருப்பு என்று ஒரு கட்டம், செலவு என்று ஒரு கட்டம். அவரை நான் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாமல் முப்பத்தோரு வருஷமாகக் கையில் வைத்திருக்கிறேன். இத்தனை பேருக்குச் சொன்ன சொல். சொன்னபடி செய்தது யார் என்று எண்ணிப் பார்த்தால் ஒன்று. ஒரே ஒன்று, இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறது, மஞ்சுக்குள் போய் வந்தது, ஓடுகிற வேனிலிருந்து இடுப்பொடிந்த உடம்போடு குதித்து வந்தது. ஊர் முழுக்க வெறும் வாய்க்குச் சொல்லிவிட்டு மறந்துபோகிற சொல்லை, அப்படியே, எழுத்து எழுத்தாக நம்பியிருக்கிறது. உடம்பு சிலிர்க்கிறது எனக்கு. கோவிலில் கதவு திறந்து தீபம் காட்டும்போது வருமே, அந்த மாதிரி. அதனிடமா போ என்பது. போ என்பது இந்த ஊரே நாயைப் பார்த்துச் சொல்கிற சொல். ச்சீ, போ. அந்தத் தகரக் கொட்டகையிலும் அதைத்தான் கேட்டிருப்பான். கடைசியாக என் வாயிலிருந்தும் அதையா கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

"தெய்வானைம்மா, நேரமாச்சு" என்று மேடம் கூப்பிடுகிறார். போசியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறேன், அவன் என் புடவையை உரசிக்கொண்டு கூடவே வருகிறான். வேன் பின்கதவு திறந்திருக்கிறது. இருதயராஜ் ஐயா கயிற்றைப் பிடித்து, "வாங்க தம்பி, ஏறுங்க" என்கிறார். அவன் ஏறவில்லை. பிஸ்கட் காட்டினார், வாங்கிக்கொண்டான், ஏறவில்லை. போஜன் பின்னால் கை கொடுத்துத் தள்ளினான், மலையைத் தள்ளின மாதிரிதான். என் முகத்தையே பார்க்கிறான், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லையே என்று. "என்ன பேருங்க இவனுக்கு" என்று ஐயா கேட்கிறார். போஜன், "மேடம் வச்ச பேரு சுல்தான். அக்கா வச்ச பேரு பதினொண்ணு. பதினொண்ணுன்னாத்தான் திரும்பிப் பாப்பான்" என்கிறான். "அதென்ன, வீட்டு நம்பரா." "நம்பருக்கே இவ்வளவு மரியாதைன்னா பேரு வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு பாருங்க." சகாயமேரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வியர்வையைத் துடைக்கிறார், இந்தக் குளிரில். அவருக்கும் பயம் என்று தெரிகிறது. வெறும் வேனோடு திரும்பிப் போக வேண்டி வருமோ என்று. "இஷ்டமில்லாததை இழுத்துட்டுப் போகக் கூடாதுங்க, பாவம்" என்று தாழ்ந்த குரலில் புருஷனிடம் சொல்கிறார். மேடம் என்னைப் பார்க்கிறார். "அம்மா, எப்பவும் போலச் சொல்லி அனுப்புங்க."

எப்பவும் போல. ஐந்து பேரும் நிற்கிறோம், நாலு பேர் என்னைப் பார்க்கிறார்கள், காது சூடாகிறது. சொல்ல வேண்டும், என் சொல்தான் தப்பு, அவன் மேல் தப்பில்லை, என்று. வாய்க்குள் எல்லாம் சரியாக அடுக்கியிருக்கிறது, வெளியே வரவில்லை. அவன் நாக்கைச் சுழற்றி மூக்கை நக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டான், வேனுக்கும் எனக்கும் நடுவில். உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்தி, கண் என் முகத்தில். பேசின் முன்னால் உட்கார்கிற உட்காரல். அதைப் பார்த்ததும் அந்தச் சொல் இருக்கிற இடம் தெரிந்துவிட்டது, இத்தனை நேரம் அடுப்படி முழுக்கத் தேடின கரண்டி கையிலேயே இருந்த மாதிரி. போசியைச் சகாயமேரி அம்மா கையில் கொடுத்தேன். புடவையை முட்டிக்குக் கீழே இறுக்கிக்கொண்டு வேனின் பின்பக்கமாக ஏறினேன். யார் வண்டியிலும் இப்படி ஏறினவள் இல்லை நான், மூட்டை மாதிரி, ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஈரச் சாக்கில் மண்டி போட்டு. "அக்கா, உங்களையும் சேர்த்து ஏற்காட்டுக்கு அனுப்பறமா" என்கிறான் போஜன். "வரட்டும், காப்பி போடக் கத்துக்கலாம்" என்கிறார் சகாயமேரி அம்மா. நான் நிமிரவில்லை. "வா பதினொண்ணு" என்றேன். முன்காலை வைத்தான், பின்கால் தடுமாறிற்று, போஜன் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான், வேன் ஒரு முழம் அமுங்கிற்று. உள்ளே வந்து சாக்கை முகர்ந்து, ஐஸ் பெட்டியை முகர்ந்து, என் தலைமுடியை முகர்ந்தான். அவ்வளவு பெரிய நெஞ்சு என் தோளில் இடிக்கிறது, உள்ளே இதயம் நிதானமாக, கோவில் மேளக்காரன் தனியாக உட்கார்ந்து தட்டிப் பார்க்கிற மாதிரி. அவன் நெற்றி நடுவில் இருக்கிற வெள்ளைக் கோட்டில் கை வைத்தேன். "இரு" என்றேன்.

உட்கார்ந்தான். நான் பின்வாக்கில் ஒரு கால், இன்னொரு கால் என்று இறங்கினேன். அவன் தோள் எழும்பிற்று, இப்போது எழுந்துவிடுவான் என்று நினைத்தேன், எழும்பின தோள் அப்படியே திரும்ப இறங்கிற்று. இரு என்றால் இரு. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் இதைச் சொல்லி அனுப்பியதில்லை, ஊருக்குப் போகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை, ஆனால் யோசித்தால் எல்லாருக்கும் சொல்ல நினைத்தது இதுதான், எங்கே போனாலும் சரி, வந்தாலும் வராவிட்டாலும் சரி, இரு. கதவைச் சாத்தப் போனவரைக் கை காட்டி நிறுத்தி, சகாயமேரி அம்மாவிடம் போனேன். அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் கையிலிருந்த போசியைப் பார்த்துப் பேசினேன். "நான் இருன்னு சொல்லியிருக்கேனுங்க. இனி அவனா எந்திரிக்க மாட்டான். வழியில தண்ணி வச்சாலும் குடிக்க மாட்டான். நீங்க ம்முன்னு சொல்லணுங்க, அப்பத்தான் குடிப்பான். வீட்டுக்குப் போயிக் கதவத் தொறந்து, இதுல இருக்கற சோத்த வச்சுட்டு, இன்னொரு வாட்டி சொல்லணுங்க." "என்னன்னு சொல்லணும்?" "ம்." "ஹும்?" என்றார் அவர். "அது இல்லீங்க. அது சண்டை போடறதுக்குங்க." இருதயராஜ் ஐயா, "அதுதான் அவளுக்கு வரும்" என்றார். "ம்?" என்றார் மறுபடி, கேள்வி கேட்கிற மாதிரி. "கேக்கற மாதிரி வேண்டாங்க. பசியோட வந்த புள்ளைக்குத் தட்டு வச்சுட்டு, எல்லாருக்கும் வச்சாச்சு, இனி நீ சாப்புடுன்னு சொல்ற மாதிரிங்க." அவர் போசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேன் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல, உதடு பிரியாமல், "ம்" என்றார். வேனுக்குள் அவன் காது அசைந்தது. தலை அவர் பக்கம் திரும்பிற்று. நான் சட்டென்று, "இப்ப வேண்டாங்க, அங்க போயி" என்றேன், "இரு, இரு" என்று அவனுக்கும் சொன்னேன். அவ்வளவு பேசினது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. என்னை விட்டு அந்தச் சொல் இன்னொருத்தர் வாய்க்குப் போய் அங்கேயும் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கதவு சாத்தினார்கள். கண்ணாடிக்குள் அந்தத் தலை, ஆட்டுக்கல், தொங்குகிற இமை, கண் என் மேல். நான் கை காட்டவில்லை, கை காட்டினால் அவனுக்கு அது என்ன சொல்லோ. வழக்கமாகச் சொல்கிறது நாக்கு நுனி வரை வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். இருதயராஜ் ஐயா பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வரோங்க" என்றார். மேடம், "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட, நான் சட்டென்று கண்ணாடிக்குள் பார்த்தேன். அவன் மேடத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேன் நகர்ந்தது. கேட் வளைவு, சீகை மரம், அங்கேதான் மெதுவாகும், அங்கேதான் குதித்தான். மெதுவாகிறது. கல் நெரிகிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன், நகம் தகரத்தில் உராய்கிற சத்தம் வருமா, மண்ணில் கனமாக ஒன்று விழுகிற சத்தம் வருமா, மூச்சு வருமா, முதலில் மூச்சுத்தான் வரும். கியர் மாறுகிறது. மேடு ஏறுகிறது. தார் ரோட்டில் திரும்பினது கேட்கிறது, அப்புறம் தேயிலைக்கு நடுவே சத்தம் மெலிந்து மெலிந்து, இருக்கிறதா என் காதில்தான் இருக்கிறதா என்று தெரியாத இடத்துக்கு வந்து, அங்கேயும் கொஞ்சம் இருந்து, இல்லாமல் ஆயிற்று. யாரும் வரவில்லை. பாதை காலியாகக் கிடக்கிறது. பூனை குறுக்கே போகிறது. மேடம் போனில் தாராபுரத்துக்காரரிடம், சாயங்காலம் வண்டி அனுப்பறேன் என்கிறார், உள்ளே போகிறார். கொட்டிலில் நாலும் பதினாறும் குரைத்து ஓய்ந்துவிட்டன, பதிமூணு குரைக்கிற வழக்கமில்லை. நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். அடுப்பில் தணல் இருக்கிறது, பேசின் கழுவ வேண்டும், கால் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அதை எண்ணவில்லை. போஜன் பக்கத்தில் வந்து நிற்கிறான், கையில் டம்ளர். என் முகத்தைப் பார்த்தான். டம்ளரை என் கையில் வைத்து, "ம்" என்றான். குடித்தேன். மனிதர் மூன்று, நாய் மூன்று. மீதி ஆறு.